எப்போனாவின் நீண்ட பெயர்

எப்போனா ஒரு குதிரை. நிண்டெண்டோ நிறுவனத்தின் 'ட்வைலைட் பிரின்சஸ்' என்னும் ஆட்டத்தில் நாயகன் ஏறிவருவது. குதிரைக்கு நாம் விரும்பிய பெயரைச் சூட்டலாம். அப்பெயர் எத்தனை எழுத்துக்கு இடங்கொள்ளும் என்பதை ஆட்டத்தை எழுதியோர் சேமிப்புக் கோப்பில் சரிபார்க்கவில்லை. 2008 பிப்ரவரியில் சிலர் அக்கோப்பில் அளவுக்கு மீறிய ஒரு பெயரைப் பொதித்தனர். ஒதுக்கிய இடம் நிறைந்து பெயர் வழிந்தது. வழிந்த பகுதி நிரலாக ஓடியது. 'வீ' என்னும் கருவியின் பூட்டு இவ்வாறு திறந்தது.

2006 நவம்பரில் வெளிவந்து பத்துக் கோடிக்கு மேல் விற்ற கருவி அது. நிறுவனத்தின் மின்னொப்பம் பெற்ற நிரல் அன்றி வேறொன்றையும் அது ஏற்காது. வாங்கியவர் தாமே எழுதிய நிரலை அதில் ஓட்டிப் பார்க்க வழியில்லை. அப்படி ஓட்ட விரும்பியோரின் ஆக்கங்களையே 'ஹோம்ப்ரூ' என்கிறார்கள். வீட்டில் வடித்த சரக்கு என்பது நேர்ப்பொருள்.

குதிரைக்கு முன்னரே ஒரு சாமணம் வந்துவிட்டது. நிறுவனத்தின் பழைய 'கேம்க்யூப்' ஆட்டங்களை ஓட்டும்போது வீயின் நினைவகத்தில் ஒரு பகுதி மட்டுமே ஆட்டத்தின் கண்ணுக்குத் தெரியும். மறைந்த பகுதியை யாரும் துடைத்து வைக்கவில்லை. இரகசியத் திறவுகோல்கள் அங்கேயே கிடந்தன. மின்பலகையின் இரு புள்ளிகளைச் சாமணத்தால் இணைத்து, மறைந்த பகுதியைக் கண்முன் கொணர்ந்தனர். அக்குழு தனக்கு 'டீம் ட்வீசர்ஸ்' என்று பெயரிட்டுக்கொண்டது. சாமணத்தின் ஆங்கிலப் பெயரில் வீயைப் பொதிந்த சிலேடை. 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் மாநாட்டில் தங்கள் நிரல் வீயில் ஓடுவதைக் காட்டினார்கள்.

நாம் மிகவும் சுவைத்தது ஒப்பத்தைச் சரிபார்த்த முறையில் இருந்த பிழையை. ஒவ்வொரு நிரலுக்கும் கைரேகை போன்று 20 பைட் நீளமுள்ள எண்கோவை ஒன்றுண்டு. ஒப்பத்தில் உள்ள கோவையும் நிரலின் கோவையும் ஒன்றா என்று பார்க்க, சொற்களை ஒப்பிடும் கட்டளையை அங்கே பயன்படுத்தியிருந்தனர். அக்கட்டளைக்குச் சுழியம் என்றால் சொல் முடிந்தது என்று பொருள். இரண்டும் சுழியத்தில் தொடங்கினால் அங்கேயே நின்று, 'இரண்டும் ஒன்றே' என்று தீர்ப்புரைத்துவிடும். முழுதும் சுழியமான போலி ஒப்பத்தை வைத்து, நிரலின் மூலையில் ஒரு சிறு மாற்றத்தைச் சராசரியாக 256 முறை செய்துபார்த்தால் போதும். முதலெழுத்து ஒத்தால் மோனை என்று யாப்பு வகுப்பில் சொல்லுகிறோம். மோனை ஒத்ததாலேயே இரண்டும் ஒரே அடி என்று எந்த மாணவரும் எழுதியதில்லை.

2008 மே மாதம் 'ஹோம்ப்ரூ சேனல்' வந்தது. எஸ்டி அட்டையில் உள்ள நிரல்களை வரிசையாகக் காட்டி ஓட்டும் முகப்பு அது. திருட்டுப் பிரதிகளுக்குத் துணைபோக மாட்டோம் என்பதில் அதைச் செய்தோர் உறுதியாக இருந்தனர். ஆனால் திறந்த கதவு, நுழைபவரின் முகம் பார்ப்பதில்லை. 2009இல் யுஎஸ்பி லோடர்கள் வந்தன. தகட்டைத் தேடும் ஆட்டத்தின் அழைப்பை இடைமறித்து, வன்தட்டில் உள்ள பிரதிக்கு அவை திருப்பிவிட்டன. ஏறத்தாழ 4.7 ஜிபி கொள்ளும் தகட்டில் பெரும்பகுதி வெற்று நிரப்பலாகவும் இருக்கும். அதை நீக்கி மெய்யான தரவை மட்டும் சேமிக்க 'டபிள்யூபிஎஃப்எஸ்' என்ற கோப்பமைப்பை வகுத்தனர். பின்வந்தவை அட்டைப்படங்களை அடுக்கி, நூலகம் போலவே காட்டின.

அந்த நூலகங்களில் பல, விலை கொடுக்காத நூல்களால் நிறைந்தவை. இதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. எனினும் தகடு கீறலுறும், அதைப் படிக்கும் ஒளிக்கண் தேயும். காசு கொடுத்து வாங்கியவருக்கும் பிரதி வேண்டியிருந்தது. 2019 ஜனவரி 30 அன்று நிண்டெண்டோ வீயின் இணையக் கடையை மூடியது. தகடாக வராமல் அக்கடையில் மட்டுமே விற்ற ஆட்டங்கள் பலவற்றை அதன்பின் புதிதாக வாங்க வழியில்லை. யாரோ எடுத்துவைத்த பிரதிகளிலும் அவை தங்கியிருக்கின்றன.

2025 ஏப்ரலில் கதை வேறொரு திருப்பம் கொண்டது. ஹோம்ப்ரூ சேனலை எழுதியோருள் ஒருவர் அதன் மூலநிரல் களஞ்சியத்தை முடக்கிவைத்தார். வீயின் வீட்டுச் சரக்குகளுக்கு அடித்தளமான 'லிப்ஓஜிசி' தொகுப்பில் நிண்டெண்டோவின் நிரல் இருப்பது முன்பே தெரியும் என்றும், 'ஆர்டெம்ஸ்' என்ற கட்டற்ற இயங்குதளத்தின் பகுதிகளும் ஆசிரியர் பெயர் நீக்கப்பட்டு அதில் உள்ளன என்றும் அவர் குற்றஞ்சாட்டினார். ஆர்டெம்ஸை எவரும் எடுத்தாளலாம். ஆக்கியோரின் பெயரை அழிக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று.