மறைந்த அணிகளும் மறவாத ஊர்களும்

ஓர் ஊரின் பெருமையை எதைக் கொண்டு அளப்பது? கோயில் கோபுரத்தைக் கொண்டு அளப்பவர் உண்டு. சந்தையைக் கொண்டும், ஆற்றைக் கொண்டும் அளப்பவர் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் சிறிய ஊர்கள் பலவற்றில், 1920ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், ஞாயிறு பிற்பகலில் ஆடப்பெற்ற ஒரு பந்தாட்டத்தைக் கொண்டு ஊரார் தம் பெருமையை அளந்தார்கள். அந்த ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்து, பின்பு மறைந்துபோன சில அணிகளின் வரலாற்றை இன்று நாம் காண்போம். வாழ்கின்றவரின் வரலாறு எளிதில் கிடைத்துவிடும். மறைந்தவரின் வரலாறோ, வாழ்கின்றவர் எதனால் வாழ்கின்றனர் என்பதையும் சேர்த்துச் சொல்லும்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். கால்பந்து என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது கல்கத்தா மைதானத்தில் காலால் உதைத்து ஆடும் ஆட்டமே. அமெரிக்கர் கால்பந்து என்று அழைப்பது வேறு. இரு முனையும் கூர்ந்த பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிந்து பிடிப்பதுமே அதில் மிகுதி. பதினொருவர் கொண்ட இரண்டு அணிகள் 100 கெஜ நீளமுள்ள களத்தில் எதிர் எதிரே நிற்கும். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். இயலாவிடில் பந்து எதிரணிக்குப் போய்விடும். நம் சடுகுடுவில் எதிரியின் எல்லைக்குள் புகுந்து மீள்கின்றோம். இங்கோ, புகுந்த நிலத்தை விடாமல் பிடித்துக்கொண்டு அடி அடியாக முன்செல்ல வேண்டும். களத்தின் குறுக்கே இட்ட வெண்கோடுகள் இறைச்சி வாட்டும் இரும்புக் கம்பித் தட்டைப்போல் தோன்றியதால், ‘கிரிட்அயர்ன்’ என்னும் பெயரும் இதற்கு வழங்கலாயிற்று.

கல்லூரி மாணவரிடையே வளர்ந்த இந்த ஆட்டத்தை ஊதியத்திற்கு ஆடுவோர் அந்நாளில் பெருமதிப்புப் பெற்றவர் அல்லர். அவர்களுக்கு ஆதரவு தந்தவை பெரும்பாலும் ஒஹையோ மாநிலத்தின் தொழில் ஊர்கள். அவற்றுள் ஒன்று கேன்டன். அவ்வூரில் ரால்ஃப் ஹே என்பவர் மோட்டார் கார் விற்கும் கடை வைத்திருந்தார்; ‘கேன்டன் புல்டாக்ஸ்’ அணியும் அவருடையதே. 1920ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் பல ஊர்களின் அணித் தலைவர்கள் அந்தக் கடையில் கூடினர். நாற்காலிகள் போதாமையால் சிலர் கார்களின் மிதிபடியில் அமர்ந்து பேசினர். ஒரு சங்கம் பிறந்தது. 1912ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்ற பழங்குடி வீரர் ஜிம் தார்ப் அதன் தலைவரானார். அந்தச் சங்கமே 1922இல் ‘தேசியக் கால்பந்து லீக்’ என்று பெயர் மாறியது. இன்று உலகின் மிகச் செல்வம் கொழிக்கும் விளையாட்டு அமைப்புகளுள் ஒன்றாக விளங்குவதும் அதுவே. ஆயினும், முதல் ஆண்டில் ஆடிய 14 அணிகளுள் இன்று எஞ்சியிருப்பவை இரண்டே. அவ்விரண்டும்கூடப் பிறந்த இடத்தில் இல்லை. டெக்கேட்டர் என்னும் ஊரின் அணி 1921இல் சிகாகோவுக்குப் பெயர்ந்தது. சிகாகோவின் கார்டினல்ஸ் அணி 1960இல் செயின்ட் லூயிஸுக்கும், 1988இல் அரிசோனாவுக்கும் குடிபெயர்ந்தது.

மறைந்தவற்றுள் ரயில்வேத் தொழிலாளரின் அணி ஒன்று உண்டு. ‘கொலம்பஸ் பான்ஹாண்டில்ஸ்’ என்பது அதன் பெயர். ஆட்டக்காரருள் பலர் பென்சில்வேனியா ரயில்வேயின் பட்டறையில் வேலை செய்தவர்கள். ரயில்வே ஊழியருக்குப் பயணம் இலவசம். சனிக்கிழமை வேலை முடிந்ததும் வண்டி ஏறி, இரவெல்லாம் பயணம் செய்து, ஞாயிறன்று வேற்றூரில் ஆடி, மீண்டும் இரவு வண்டியில் திரும்பித் திங்கட்கிழமை காலையில் பட்டறைக்குச் சென்றுவிடுவர். பெரும்பாலும் பிற ஊர்களிலேயே ஆடியதால் மைதானத்திற்கு வாடகை கொடுக்க வேண்டிய தொல்லையும் மிகுதியாக இல்லை. நெஸ்ஸர் என்னும் ஒரே குடும்பத்துச் சகோதரர் பலர் அந்த அணியில் ஆடினர். 1921இல் தந்தையும் மகனும் ஒருசேரக் களம் இறங்கினர்.

இன்னும் வியப்பான அணி ஒன்று லாரூ என்னும் சிற்றூரில் தோன்றியது. மக்கள் தொகை ஆயிரத்தைக்கூட எட்டாத ஊர் அது. அங்கே வால்டர் லிங்கோ என்பவர் உயர்சாதி நாய்களை வளர்த்து விற்றுவந்தார். தம் வாணிகத்திற்கு விளம்பரம் தேடி, 1922இல் பழங்குடி மக்களை மட்டுமே கொண்ட ‘ஊராங் இந்தியன்ஸ்’ என்னும் அணியை அமைத்தார். ஜிம் தார்ப்பே அதன் பயிற்சியாளர். ஆட்டத்தின் இடைவேளையில் நாய்களின் வித்தைகள் நடைபெறும். ஆட்டக்காரரும் அந்த வேடிக்கைகளில் பங்கு கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டுகளில் நான்கு ஆட்டங்களில் மட்டுமே வென்று, அந்த அணி 1923இல் முடிவுற்றது. வேடிக்கை காட்டவென்று கூட்டப்பெற்ற அணி, வேடிக்கை பழகிப்போனதும் கலைந்தது.

தோற்ற அணிகள் மறைவது இயல்புதானே என்று நேயர்கள் எண்ணலாம். இங்கேதான் வரலாறு நம்மைத் தடுத்து நிறுத்துகின்றது. 1920 முதல் 1928 வரை ஒன்பது பட்டங்கள் வழங்கப்பெற்றன. அவற்றுள் ஆறு பட்டங்களை வென்றவை இன்று இல்லாத அணிகள். ஆக்ரன் 1920இல் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் பட்டம் பெற்றது. அவ்வணியின் சிறந்த வீரரான ஃபிரிட்ஸ் பொலார்ட் என்னும் கறுப்பின இளைஞர், அடுத்த ஆண்டில் பயிற்சியாளர் பொறுப்பும் ஏற்றார். பின்பு 1934 முதல் 1945 வரை அந்த லீக்கில் கறுப்பினத்தவர் ஒருவருக்கும் இடம் இல்லாமற் போயிற்று என்பதை எண்ணினால், அந்த ரப்பர்த் தொழில் நகரின் பெருமை நமக்கு விளங்கும். கேன்டன் 1922, 1923 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தோல்வியறியாது வென்றது. அதன் வீரரைக் கிளீவ்லாந்து அணியின் முதலாளி விலைக்கு வாங்கிச் செல்ல, 1924இன் பட்டம் கிளீவ்லாந்துக்குப் போயிற்று. 1926இல் ஃபிராங்க்ஃபோர்ட், 1928இல் பிராவிடன்ஸ். பிராவிடன்ஸ் அணி ஆடியது சைக்கிள் பந்தயத்திற்காகக் கட்டப்பெற்ற அரங்கில். பந்தயப் பாதை களத்தை நெருக்கியதால், ஒரு முனையில் இருக்க வேண்டிய இடம்கூட முழுமையாக இல்லை. அணியும் மறைந்தது, அரங்கும் இடிக்கப்பட்டது.

வென்றும் ஏன் வாழவில்லை? காரணம் களத்தில் இல்லை. நுழைவுச் சீட்டு விற்கும் சாளரத்தில் இருக்கின்றது. வேற்றூர் அணி வந்தால் அதற்கு ஒரு தொகையை உறுதி கூறியே அழைக்க வேண்டும். மழை பெய்தாலும் பனி விழுந்தாலும் அத்தொகையைக் கொடுத்தாக வேண்டும். சில ஆயிரம் பேர் அமரும் மைதானத்தில் எத்தனை நாள் இதைத் தாங்க முடியும்?

இந்த உண்மையை ஒரே நாளின் இரண்டு காட்சிகள் தெளிவாக்குகின்றன. 1925ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள். பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களின் நடுவே உள்ள பாட்ஸ்வில் என்னும் ஊரின் ‘மரூன்ஸ்’ அணி, சிகாகோவுக்குச் சென்று கார்டினல்ஸ் அணியை 21க்கு 7 என்று வென்றது. அந்த ஆண்டின் பட்டம் தமக்கே என்று ஊரார் மகிழ்ந்தனர். அதே நாளில் நியூயார்க்கின் போலோ மைதானத்தில், கல்லூரி ஆட்டத்தில் புகழ்பெற்ற ரெட் கிரேஞ்ச் என்னும் இளைஞரைக் காண ஏறத்தாழ 70,000 மக்கள் திரண்டனர். பட்டத்திற்குரிய வெற்றி சிகாகோவில். பணமும் எதிர்காலமும் நியூயார்க்கில். சிறிய ஊர்களின் முடிவு அன்றே எழுதப்பட்டது எனலாம்.

பாட்ஸ்வில்லின் கதை அதனோடு முடியவில்லை. சில நாட்களில் அந்த அணி பிலடெல்பியாவில் நோட்டர் டேம் கல்லூரியின் பழைய வீரர்களோடு ஆடி 9க்கு 7 என வென்றது. பிலடெல்பியா ஃபிராங்க்ஃபோர்ட் அணியின் எல்லைக்குட்பட்டது. அங்கே பிறர் ஆடுதல் விதிக்கு முரண் என்று முறையீடு எழுந்தது. லீக்கின் தலைவர் ஜோ கார், முன்பு அந்த ரயில்வே அணியை நடத்தியவர், பாட்ஸ்வில்லை விலக்கிவைத்தார். வாய்மொழியாக இசைவு பெற்றிருந்தோம் என்று பாட்ஸ்வில் வாதாடியது பயனளிக்கவில்லை. பட்டம் கார்டினல்ஸுக்குச் சென்றது. அவ்வணியின் அந்நாளைய முதலாளியோ அதை ஏற்க மறுத்துவிட்டார். பாட்ஸ்வில் அணி மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டாலும், 1929இல் பாஸ்டனுக்குப் பெயர்ந்து, ஒரே பருவத்தில் மறைந்தது.

ஜோ கார் சிறிய ஊர்களின் பகைவர் அல்லர். அவரே ஒரு சிறிய அணியில் வளர்ந்தவர். ஆயினும், லீக் நிலைக்க வேண்டுமானால் பெரிய நகரங்களையே நாட வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். 1926இல் 22 ஆக இருந்த அணிகள் 1927இல் 12 ஆயின. பொருளாதார மந்தம் சூழ்ந்த 1932இல் எட்டே எஞ்சின. இந்த லீக்கை எதிர்த்து எழுந்த லீக்குகளும் பல. ரெட் கிரேஞ்சை நம்பி 1926இல் தொடங்கிய ஒன்று ஒரே ஆண்டில் முடிந்தது. 1983இல் தொடங்கிய மற்றொன்று மூன்று பருவங்கள் ஆடிவிட்டு வழக்கு மன்றம் ஏறியது. 1986இல் தீர்ப்பு அதன் பக்கமே கிடைத்தது. இழப்பீடு ஒரு டாலர்! சட்டப்படி அதை மும்மடங்காக்கி மூன்று டாலர் என்றனர். வழக்கில் வென்ற லீக் மீண்டும் களம் இறங்கவே இல்லை.

மறையாமல் பெயர்ந்து சென்ற அணியும் உண்டு. ஒஹையோ ஆற்றங்கரையில் காலணியும் எஃகும் செய்த போர்ட்ஸ்மத் நகரம், 1930இல் தன் ‘ஸ்பார்ட்டன்ஸ்’ அணிக்கு ஒரு மைதானம் கட்டியது. ஆலைகள் நலிந்தன, அணி கடனில் மூழ்கியது. டெட்ராய்ட்டில் வானொலி நிலையம் நடத்திய ரிச்சர்ட்ஸ் என்பவர் 1934இல் ஏறத்தாழ 8,000 டாலருக்கு அதை வாங்கிச் சென்று ‘லயன்ஸ்’ என்று பெயரிட்டார். அவ்வாண்டு நன்றி நவிலும் திருநாளில் அவ்வணி ஆடிய ஆட்டத்தை நாடு முழுவதும் வானொலியில் கேட்டது. போர்ட்ஸ்மத் மக்களும், தாம் இழந்த வீரர்களின் ஆட்டத்தை வேற்றூர்ப் பெயரில்தான் கேட்க வேண்டியிருந்தது.

இவற்றுக்கிடையே ஒரு சிற்றூர் மட்டும் தன் அணியை விடாது காத்தது. அது விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே. 1923இல் அவ்வூரார் 5 டாலர் விலையில் 1,000 பங்குகளை விற்று அணியைத் தமதாக்கிக்கொண்டனர். பங்குதாரருக்கு இலாபம் இல்லை. அணியைக் கலைக்க நேர்ந்தால் மிஞ்சும் பொருள் போர்வீரர் நினைவுச் சின்னத்திற்குச் சேரும் என்று அந்நாளைய விதி கூறியது. ஆகவே, அணியை விற்பதாலோ மூடுவதாலோ ஒருவருக்கும் ஆதாயம் இல்லை. வறுமை வந்தபோதெல்லாம் ஊரார் மீண்டும் பங்கு வாங்கினர். அந்த அணி இன்றும் அவ்வூரிலேயே இருக்கின்றது. கேன்டனுக்கும் கிரீன் பேவுக்கும் வேறுபாடு வீரத்தில் இல்லை, உடைமையில் இருக்கின்றது. முதலாளியின் அணி, முதலாளி சலித்தால் போய்விடும். ஊரின் அணியை ஊரே கைவிட்டாலன்றி ஒருவரும் கொண்டுபோக முடியாது.

அந்நாளைய பெருநகர அரங்குகளும் இன்று இல்லை. 70,000 பேர் திரண்ட போலோ மைதானம் 1964இல் இடிக்கப்பட்டது. பாட்ஸ்வில் வென்ற சிகாகோ மைதானம் 1991இல் மறைந்தது. பட்டத்தைப் பறிகொடுக்கக் காரணமாயிருந்த பிலடெல்பியா மைதானமும் 1976இல் போயிற்று. கல்லும் இரும்பும் போயின; வழக்கு மட்டும் இருக்கின்றது. பாட்ஸ்வில் மக்கள் 1925இன் பட்டத்தைக் கேட்டு மீண்டும் மீண்டும் முறையிட்டனர். 1963இல் லீக் ஆராய்ந்து மறுத்தது. 2003இல் மீண்டும் கேட்டபோது, 30க்கு 2 என்ற வாக்கில் அணி முதலாளிகள் கதவை அடைத்தனர்.

அவர்கள் கேட்பது பொன்னும் பொருளும் அன்று. ஏட்டில் ஒரு வரி. சுரங்கத் தொழில் சுருங்க, அவ்வூரார் பலர் பிழைப்பை நாடி வெளியூர்களுக்குச் சென்றுவிட்டனர். ஆயினும், அந்த ஒரு வரியை அவர்கள் விடவில்லை. பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நம் நேயர்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கேன்டன் அணியும் மறைந்ததுதான். ஆனால், 1963இல் இந்த ஆட்டத்தின் புகழ் மண்டபம் அவ்வூரிலேயே திறக்கப்பெற்றது. அங்கே பாட்ஸ்வில்லுக்கும் ஓர் இடம் உண்டு. லீக் தராத கோப்பையை ஊராரே செய்து அங்கே வைத்திருக்கின்றனர். அது பொன்னாலோ வெள்ளியாலோ ஆனதன்று. தம் மண்ணிலிருந்து வெட்டி எடுத்த நிலக்கரியில் செதுக்கப்பெற்றது.