நின்றபடி உழைக்கும் வண்டி

சாயங்காலம் ஆறரை மணி. குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஜி.எஸ்.டி. ரோடு. முன்னால் மாநகரப் பேருந்து, இடது பக்கம் ஷேர் ஆட்டோ, கிடைத்த சந்தில் எல்லாம் டூவீலர். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து சைரன். திரும்பினால், சிவப்பாக ஒரு தீயணைப்பு வண்டி! நகரவே இடமில்லாத ரோட்டில் எப்படியோ எல்லோரும் ஒதுங்கி வழி விடுகிறோம். வண்டி நம்மைத் தாண்டும்போது எல்லோர் மனசிலும் ஒரே கேள்வி: 'எங்கேப்பா பத்திக்கிச்சு?'

இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. 'இந்த வண்டிக்கு என்ன வயசு?'

அந்தக் கேள்வியை மத்திய அரசு கேட்டது. 2023 ஜனவரியில் ஓர் அறிவிக்கை வந்தது. மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி என எந்த அரசு வண்டியாக இருந்தாலும் சரி, பதிவு செய்து 15 வருஷம் முடிந்துவிட்டால் அந்தப் பதிவு செல்லாது. 2023 ஏப்ரல் 1 முதல் அமல். (முட்டாள்கள் தினமாச்சே என்று யாரும் சிரிக்க முடியவில்லை!) நாட்டுப் பாதுகாப்பு, சட்டம் - ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான விசேஷ வண்டிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்தப் பட்டியலில் 'தீயணைப்பு வண்டி' என்று தனியாக ஒரு வார்த்தை இல்லை.

கேரளா, கர்நாடகம் உள்படப் பல மாநிலங்களில் தீயணைப்புத் துறைக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். நேற்றுவரை தீயோடு மல்லுக்கு நின்ற வண்டி, பொழுது விடிந்தால் காயலான் கடைச் சரக்கா?

'பழைய வண்டியைத் தூக்கிப் போட்டால் நல்லதுதானே? புதுசு வருமே!' என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அவசரப்படாதீர்கள். தீயணைப்பு வண்டிக்கு வயதாவது, நம் காருக்கும் லாரிக்கும் வயதாவது போல இல்லை. அந்தக் கதை கொஞ்சம் பழசு. சரியாகச் சொன்னால், சுமார் 2,200 வருஷம் பழசு!

எகிப்தின் அலெக்ஸாண்டிரியா நகரம், கி.மு. 3-ம் நூற்றாண்டு. அங்கே டெஸிபியஸ் என்று ஒரு முடிதிருத்துபவரின் மகன். அப்பா தொழிலை விட்டுவிட்டு, காற்றையும் தண்ணீரையும் வைத்து விளையாடிக்கொண்டிருந்த கில்லாடி. அவர் செய்ததுதான் இரட்டை உருளை பம்ப். ஒரு பிஸ்டன் தண்ணீரை உறிஞ்சும்போது இன்னொன்று தள்ளும். மாற்றி மாற்றி அடித்தால், தண்ணீர் விட்டு விட்டு வராமல் நீளமாகப் பீய்ச்சியடிக்கும். தீயணைப்பு வண்டிக்குக் கொள்ளுத்தாத்தா அதுதான்.

பம்ப் வந்துவிட்டால் போதுமா? ஆள் வேண்டாமா? ரோமாபுரியில் கிராஸஸ் என்று ஒரு கோடீஸ்வரர். எங்கேயாவது தீப்பிடித்தால் ஓடோடி வருவார். அணைக்க அல்ல... எரிகிற வீட்டையும், பக்கத்தில் பயந்து நடுங்குகிற வீடுகளையும் அடிமாட்டு விலைக்கு வாங்க! ரியல் எஸ்டேட் என்பது எவ்வளவு பழைய தொழில் பாருங்கள். பிறகு கி.பி. 6-ல் சக்கரவர்த்தி அகஸ்டஸ், ராத்திரி முழுக்க ரோந்து சுற்றித் தீயணைக்க ஒரு படையையே அமைத்தார்.

1666-ல் லண்டன் மாநகரம் எரிந்து சாம்பலான பிறகு, இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சொந்தமாகத் தீயணைப்புக் குழு வைத்துக்கொண்டன. 1829-ல் பிரெய்த்வெயிட் என்ற இன்ஜினீயர், நீராவியால் ஓடும் பம்பை லண்டனில் காட்டினார். கையால் பம்ப் அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 'எங்க வேலை போயிடுமே!' என்ற பயம். பிறகு பெட்ரோல் வந்தது, டீசல் வந்தது.

இந்தப் பரம்பரையில் ஒரு பெரியவரை இன்றும் நம் நாட்டில் பார்க்கலாம். டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில், மான்செஸ்டர் பக்கத்து ஜான் மோரிஸ் கம்பெனி 1914-ல் செய்த தீயணைப்பு வண்டி ஒன்று இருக்கிறது. ஹைதராபாத் நிஜாம் ராஜ்ஜியத்தில் வேலை பார்த்த வண்டி. ரிட்டயராகி எத்தனையோ வருஷம் கழித்தும், பழைய கார்கள் ஊர்வலத்தில் மணியடித்துக்கொண்டு போயிருக்கிறது. ஜனங்கள் கை தட்டினார்கள். ஊர்வலத்துக்கு அது சரி. நம் வீட்டில் தீப்பிடித்தால் அதை அனுப்பினால் கை தட்டுவோமா?

சரி, தாம்பரத்துக்குத் திரும்பி வருவோம்.

ஒரு லாரியை எதை வைத்துக் கிழடு என்கிறோம்? எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்த்து. தீயணைப்பு வண்டியோ மாசக்கணக்கில் பார்த்தாலும் அதிகம் ஓடியிருக்காது. 'அட, அப்படியே புத்தம் புதுசு மாதிரி இருக்கே!' என்று மீட்டரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அதன் நிஜமான வேலை, ஓடும்போது இல்லை, நிற்கும்போது!

இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் டிரைவர் ஒரு லீவரைப் போடுவார். சக்கரத்துக்குப் போய்க்கொண்டிருந்த இன்ஜின் சக்தி, பம்ப்புக்குத் திரும்பும். வண்டி ஓர் அங்குலம் நகராது. இன்ஜின் மட்டும் மணிக்கணக்கில் உறுமும். ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்று வரும், இன்ஜின் சூடு தணியும். நிற்கிற வண்டிக்கு ஏது காற்று? அதனால், பம்ப்பில் ஓடுகிற தண்ணீரிலேயே கொஞ்சம் திருப்பிவிட்டு இன்ஜினைக் குளிர்விக்கும் ஏற்பாடும் இதில் உண்டு.

வேலை இல்லாத நாளிலும் இதற்கு ஓய்வு கிடையாது. சாதாரணமாக ஒரு தீயணைப்பு வண்டியில் 4,500 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நாலரை டன்! எந்த நிமிஷம் அழைப்பு வருமோ தெரியாது என்பதால் டேங்க் எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டும். லாரிக்காரர் சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு தூங்கப் போவார். தீயணைப்பு வண்டி, தூங்கும்போதும் மூட்டையை இறக்குவதில்லை. ராத்திரி பகலாக அந்தச் சுமை ஸ்பிரிங் பட்டையை அழுத்துகிறது. டயர் தேயாமலே வெடிக்கிறது. டேங்க் உள்ளுக்குள்ளே துரு பிடிக்கிறது. ஓடாமலே கிழடாகிற வண்டி இது!

இந்த உழைப்புக்குத் தென்சென்னைப் புறநகரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றிக்கொண்டது நினைவிருக்கிறதா? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி, 200 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடந்த குப்பை மலை. மேலே அணைத்தால் அடியில் புகைகிறது. நாள் கணக்கில் வண்டிகள் அங்கேயே நின்று தண்ணீர் அடித்தன. அந்த வண்டிகளின் கிலோமீட்டர் கணக்கைப் பார்த்தால் வந்து போன தூரம்தான் தெரியும். இன்ஜின் எத்தனை மணி நேரம் உழைத்தது என்பதை அது சொல்லாது.

அப்படியானால் பழைய வண்டியை வைத்துக் காலத்தை ஓட்டியவர்கள் யார்? டிரைவர்கள்தான். நம் தீயணைப்புத் துறையில் அந்தப் பதவிக்குப் பெயரே 'டிரைவர் மெக்கானிக்'. ஓட்டவும் தெரிய வேண்டும், நின்றுபோனால் பிரித்துப் பார்க்கவும் தெரிய வேண்டும். பழைய டீசல் இன்ஜினில் கம்ப்யூட்டர் சமாசாரம் எதுவும் கிடையாது. காதால் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார்கள். நமக்கு இன்னொரு வசதியும் இருந்தது. 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆன தொழிற்சாலை நம்ம ஊரிலேயே இருந்தது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் போகிற அதே லேலண்ட் சேஸிஸ் மீதுதான் டேங்க்கையும் பம்ப்பையும் ஏற்றித் தீயணைப்பு வண்டி கட்டினார்கள். லாரி ஓடுகிற வரை உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை.

ஆனால் ஒன்று. பழசு ஓடுகிறது என்பதற்காக அது போதும் என்று அர்த்தமில்லை. அதைப் பிரிட்டன் பட்டுத் தெரிந்துகொண்டது.

அணுகுண்டு விழுந்தால் ஊர் ஊராக எரியுமே என்று பயந்து, 1953-லிருந்து 1956 வரை அந்த நாடு பெட்ஃபோர்டு லாரி மீது பச்சைப் பெயின்ட் அடித்த தீயணைப்பு வண்டிகளைக் கட்டிக் குவித்தது. 'பச்சை தேவதை' என்று செல்லப் பெயர். நல்லவேளை, குண்டு விழவில்லை. 1968-ல் அந்தத் துணைப் படையையே கலைத்துவிட்டு வண்டிகளைக் கொட்டகையில் நிறுத்தினார்கள். 1977-ல் தீயணைப்பு வீரர்கள் ஸ்டிரைக். ராணுவத்தினர் கொட்டகையைத் திறந்து தேவதைகளை வெளியே ஓட்டி வந்தார்கள். அது பரவாயில்லை, கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை. 2002-ல் மறுபடி ஸ்டிரைக். மறுபடி அதே தேவதைகள்! ஏறக்குறைய 50 வயசு. வண்டி ஸ்டார்ட் ஆனது. பம்ப் தண்ணீர் அடித்தது. ஆனால் வேகம் இல்லை, பவர் ஸ்டீயரிங் இல்லை, நசுங்கிய காரை வெட்டி ஆளை எடுக்கிற நவீனக் கருவி இல்லை. வண்டி மாறவில்லை, அதற்குள் ஊர் மாறிவிட்டது. ஸ்டிரைக் முடிந்த பிறகு அவற்றை விற்றுத் தீர்த்தார்கள்.

ஊர் மாறுவது என்றால் தாம்பரத்தைவிட நல்ல சாட்சி ஏது? 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தபோது இது பட்டணத்துக்கு வெளியே காற்று வாங்குகிற இடம். காச நோயாளிகளுக்கு சானடோரியம் கட்ட இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அந்தக் காற்றுக்காகத்தான். இன்று? தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்து 2021-ல் மாநகராட்சியே ஆகிவிட்டது. ஓட்டு வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. ஆனால் தெரு அதே பழைய தெரு!

உயரத்தில் தீப்பிடித்தால் என்ன பாடு என்பது சென்னைக்குத் தெரியாததல்ல. 1975 ஜூலை 11-ம் தேதி அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் எரிந்தபோது 14 மாடியை ஊரே அண்ணாந்து பார்த்தது. அன்றைக்கு அது ஒன்றுதான் அவ்வளவு உயரம். இன்றைக்கு வண்டலூர் வரை எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

தீ மட்டுமா? 2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூரும் வரதராஜபுரமும் ஏரியாகவே ஆகிவிட்டன. தீயணைப்பு வீரர்கள் அன்று படகு தள்ளினார்கள். துறையின் பெயரில் 'மீட்புப் பணிகள்' என்று இரண்டு வார்த்தை இருக்கிறதே, அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் பலருக்குப் புரிந்தது.

எனவே, 15 வருஷம் என்ற விதியை ஒரேயடியாகத் திட்ட எனக்கு மனசில்லை. 'ஓடுதுல்ல, ஓடட்டும்' என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போகிற பழக்கத்துக்கு அது ஓர் அதட்டல். 2023 ஜூலையில் மத்திய அரசு, மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளை விரிவாக்கி நவீனப்படுத்த 5,000 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தையும் தொடங்கியது. நல்ல விஷயம். ஆனால் பிறந்த தேதியை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்குதான். 16 வயசு வண்டி ஒன்று பம்ப் சோதனையில் பாஸாகலாம். பராமரிக்காத 8 வயசு வண்டி ஃபெயிலாகலாம். தவிர, புதுசு வந்து நிற்பதற்கு முன்னால் பழசை வெளியே இழுத்துவிட்டால், அந்த இடைவெளியில் பிடிக்கிற தீ, நம் டெண்டர் முடியும் வரை காத்திருக்காது.

இதற்கு விலை கொடுப்பவர்கள் யார் என்பதை மறந்துவிடக் கூடாது. 1944 ஏப்ரல் 14. பம்பாய்த் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிகீன்' என்ற கப்பல் எரிகிறது. உள்ளே பஞ்சு மூட்டை. கூடவே 1,000 டன்னுக்கும் மேல் வெடிபொருள்! தீயணைப்பு வண்டிகள் கப்பலை ஒட்டி நின்று தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தன. சாயங்காலம் 4 மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 14-ல் தொடங்கி ஒரு வாரம் தீத்தொண்டு வாரம். மற்றவர்கள் ஓடும்போது அவர்கள் நின்றார்கள். அவர்களுடைய வண்டிகளும் நின்றன.

அந்த வேலைக்கு அனுப்புகிற ஆளிடம் எந்த வண்டியைக் கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம். பழசா புதுசா என்பது அப்புறம். சாவியைத் திருப்பினால் முதல் தடவையிலேயே கிளம்புமா? பம்ப் இழுக்குமா? பிரேக் நாலரை டன் தண்ணீரைத் தாங்கி நிறுத்துமா? இதற்கு ஒவ்வொரு வருஷமும் நேர்மையாகப் பரீட்சை வைக்க வேண்டும். தேறாததை வயசு பார்க்காமல் அனுப்பிவிட வேண்டும்.

நம் பங்குக்கும் ஒன்று உண்டு. இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் உங்கள் தெருமுனையில் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் கார் நிறுத்தியிருக்கிறதே, நடுவில் மீதி இருக்கிற இடத்தில் ஒரு லாரி நுழையுமா?

நுழையாது என்றால், புத்தம் புது வண்டி வந்தாலும் அது தெருமுனையில்தான் நிற்கும்.