உங்களுக்கு முன்பே செயலிக்குத் தெரியும்: சூதாட்ட அடிமைத்தனத்தில் சிக்கியவரை ஆன்லைன் நிறுவனங்கள் எப்படி நடத்துகின்றன?

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் லாட்டரிச் சீட்டு விற்பவருக்கு உங்கள் பெயர் தெரியாது. சம்பளம் எந்தத் தேதியில் வரும், போன வாரம் எவ்வளவு விட்டீர்கள், ராத்திரி எத்தனை மணி வரை தூங்காமல் கிடந்தீர்கள், எதுவும் தெரியாது. சீட்டைக் கொடுப்பார், காசை வாங்குவார், அடுத்த ஆளைப் பார்ப்பார். மதியம் 3 மணிக்கு பேக்கரி ஜங்ஷன் பக்கத்தில் இருக்கும் கோர்க்கி பவனில் குலுக்கல். அவ்வளவுதான்.

(கேரள அரசே 1967-லிருந்து லாட்டரி நடத்துகிறது, தமிழ்நாடு 2003-ல் தடை செய்துவிட்டது. நாகர்கோவிலிலிருந்து டெக்னோபார்க்குக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு முதல் வாரம் இது விநோதமாகத்தான் இருக்கும்.)

பணம் கட்டி விளையாடும் செயலி அந்த லாட்டரிக்காரர் மாதிரி இல்லை. ஒவ்வொரு டெபாசிட்டும், ஒவ்வொரு தோல்வியும், தோற்ற எத்தனையாவது நிமிடத்தில் மறுபடி பணம் போட்டீர்கள் என்பதும் அதன் பதிவில் இருக்கும். இந்தப் பதிவை வைத்துக்கொண்டு நிறுவனம் என்ன செய்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

அடிமைத்தனம் எப்போது தொடங்குகிறது?

சூதாட்டக் கோளாறு என்பது மருத்துவம் ஏற்றுக்கொண்ட நோய். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலில் அதற்குத் தனி இடம் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே பிரிவில் இதைச் சேர்த்தது. அதில் 9 அறிகுறிகள் உள்ளன. 12 மாதத்துக்குள் 4 இருந்தாலே கோளாறு என்று மருத்துவர் முடிவு செய்யலாம்.

அந்த 9-ஐ ஒரு டேட்டா ஆளாகப் படித்துப் பாருங்கள். வீட்டில் பொய் சொல்வது, மனசு சரியில்லாதபோது விளையாடுவது, வேலையோ உறவோ கெட்டுப்போவது போன்றவை நிறுவனத்தின் சர்வருக்குத் தெரியாது. ஆனால் போடும் தொகை ஏறிக்கொண்டே போவது தெரியும். விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்பி வருவது தெரியும். நிறுத்தப் பார்த்து முடியாமல், கணக்கை மூடி மறுபடி திறப்பது தெரியும். மனைவிக்கும் அம்மாவுக்கும் தெரியாத மூன்று அறிகுறிகள் நிறுவனத்தின் கணினியில் தேதி, நேரத்தோடு இருக்கின்றன.

இதில் நிறுவனத்துக்கு என்ன லாபம்?

ஒரு சின்னக் கணக்கு. இருவர் ஆடும் ரம்மி மேசை, ஆளுக்கு ₹1,000, நிறுவனத்தின் கமிஷன் 10% என்று வைத்துக்கொள்வோம். ஜெயிப்பவருக்கு ₹1,800 கிடைக்கும். அதாவது ஜெயித்தால் ₹800 லாபம், தோற்றால் ₹1,000 நஷ்டம். இருவரும் சம திறமைசாலிகள், பாதி ஆட்டம் உங்களுக்கு என்றாலும் சராசரியாக ஆட்டத்துக்கு ₹100 போகும். ஒரு ராத்திரிக்கு 10 ஆட்டம் ஆடினால் ₹1,000. தினமும் ஆடினால் மாதம் ₹30,000. நீங்கள் மோசமாக ஆடவே இல்லை, நினைவிருக்கட்டும்.

எந்த மேசையில் யார் ஜெயித்தாலும் நிறுவனத்துக்குக் கமிஷன் வரும். அதற்குத் தேவை ஆட்டங்களின் எண்ணிக்கை. அதிக ஆட்டம் ஆடுபவர் யார்? நிறுத்த முடியாதவர்தான். பிரிட்டனின் பிரபுக்கள் சபைக் குழு 2020-ல் தந்த அறிக்கை, அந்நாட்டுச் சூதாட்டத் துறையின் லாபத்தில் 60%, ஏற்கெனவே பிரச்சினையில் இருக்கும் அல்லது அந்த விளிம்பில் நிற்கும் 5% பேரிடமிருந்து வருகிறது என்றது.

திறந்து பார்த்தபோது என்ன தெரிந்தது?

பிரிட்டனை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே உரிமம் கொடுக்கும் சூதாட்ட ஆணையம் நிறுவனங்களின் பதிவேட்டை வாங்கிப் படிக்கிறது, தவறு கண்டால் அபராதத்தோடு விவரத்தையும் வெளியிடுகிறது.

பெட்வே நிறுவனத்துக்கு 2020 மார்ச்சில் 1.16 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அதிகம் செலவழிப்பவர்களை 'விஐபி' ஆக்கி, அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, நிலைமை என்ன என்று சரியாக விசாரிக்காததுதான் முக்கியக் குற்றச்சாட்டு. ஒரு வாடிக்கையாளர் நான்கு வருடத்தில் 40 லட்சம் பவுண்டுக்கு மேல் இழந்திருந்தார். இன்னொருவர் இரண்டே நாளில் 1,87,000 பவுண்டு. 2022-ல் என்டெயின் நிறுவனம் 1.7 கோடி பவுண்டு கட்டியது. ராத்திரி ராத்திரியாக விளையாடி, 18 மாதத்தில் 2,30,845 பவுண்டு போட்ட ஒருவருடன் அது பேசியது ஒரே ஒரு சாட். 2023-ல் வில்லியம் ஹில் குழுமம் கட்டியது 1.92 கோடி. புதிதாகக் கணக்கு தொடங்கிய ஒருவர் 20 நிமிடத்தில் 23,000 பவுண்டு செலவழித்தார், எந்தச் சோதனையும் இல்லை.

'விஐபி' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். தனி மேலாளர், போனஸ், இலவச மேட்ச் டிக்கெட். மருத்துவர் நோயாளி என்று பார்க்கும் அதே ஆளை விற்பனைப் பிரிவு மதிப்புமிக்க வாடிக்கையாளர் என்று பார்க்கிறது. இரண்டு பேர் பார்ப்பதும் ஒரே டேட்டாவைத்தான்.

கேரளாவில் என்ன நடந்தது?

2021 தொடக்கத்தில், ஆன்லைன் ரம்மியில் லட்சக்கணக்கில் இழந்த திருவனந்தபுரம் மாவட்ட இளைஞர் ஒருவரின் மரணம் பெரும் விவாதமானது. அந்த ஜனவரியில் விளம்பரத் தூதர்களான விராட் கோலி, தமன்னா, அஜு வர்கீஸ் ஆகியோருக்குக் கேரள உயர் நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. பிப்ரவரி 23-ல், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியை 1960-ம் ஆண்டு கேரள கேமிங் சட்டத்தின் கீழ் அரசு தடை செய்தது. செப்டம்பர் 27-ல் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது.

ஏன்? ரம்மி திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது. அதே காரணத்தால் தமிழ்நாட்டின் முதல் தடைச் சட்டமும் 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. சட்டம் கேட்டது 'இது திறமையா, அதிர்ஷ்டமா?' என்ற கேள்வியை. சீட்டாட்டத்தைப் பற்றி அது நியாயமான கேள்விதான். ஆனால் அடிமையாகிவிட்ட ஒருவரை நிறுவனம் எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு அதில் பதிலே கிடையாது.

அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது தமிழ்நாடுதான். 2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைகளின்படி நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண விளையாட்டு கூடாது. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கு ஒரு எச்சரிக்கை வர வேண்டும். ஜூன் 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் இவற்றை ஏற்றது. ராத்திரி 2 மணிக்கு விட்டதைப் பிடிக்கத் துடிப்பவருக்கு, காலை 5 வரை மேசை மூடியிருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது அனுபவப்பட்டவர்களுக்குப் புரியும்.

மத்திய அளவில் 2023 ஏப்ரலில் வந்த ஐடி விதிகள், துறையே அமைக்கும் சுய ஒழுங்குமுறை அமைப்புகளிடம் பொறுப்பைக் கொடுத்தன. அப்படி ஓர் அமைப்பு கடைசிவரை அறிவிக்கப்படவே இல்லை. அந்தக் காலம் முழுக்க 'என்னைத் தடை செய்' என்ற பட்டனை அமுக்கினால் அந்த ஒரு செயலி மட்டும்தான் மூடும். பக்கத்துச் செயலி வரவேற்பு போனஸோடு காத்திருக்கும். பிரிட்டனில் கேம்ஸ்டாப் என்ற பொதுப் பதிவேடு இருக்கிறது. அங்கே ஒருமுறை பெயர் கொடுத்தால், உரிமம் பெற்ற எல்லா ஆன்லைன் நிறுவனமும் உங்களை மறுக்க வேண்டும்.

இப்போது எல்லாம் தடைதானே?

ஆம். 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டையும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ₹1 கோடி வரை அபராதம். விளையாடுபவருக்குத் தண்டனை இல்லை. அதனால் பயந்துகொண்டு உதவி கேட்காமல் இருக்காதீர்கள். டிரீம்11, எம்பிஎல் உள்ளிட்ட பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

என் கவலை வேறு. செயலி போனாலும் பழக்கம் அதே நாளில் போய்விடாது. டெலிகிராம் லிங்க் வழியாக வரும் வெளிநாட்டுத் தளத்தில் டெபாசிட் வரம்பு கிடையாது, இரவுத் தடை கிடையாது, பணம் கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. முன்பின் தெரியாத ஒருவரின் கணக்குக்கு யுபிஐ-யில் அனுப்பச் சொன்னால், உங்கள் கணக்கே முடக்கப்படும் ஆபத்தும் உண்டு.

நீங்கள் என்ன செய்யலாம்?

நிறுவனம் பார்த்த அதே டேட்டா உங்கள் வங்கி ஸ்டேட்மென்ட்டில் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு இறக்கி, விளையாட்டுக்குப் போனதையும் திரும்பி வந்ததையும் இரண்டு வரிசையாகக் கூட்டுங்கள். ஜெயித்த நாள்தான் மனசில் நிற்கும், கூட்டுத்தொகை நிற்காது. நேரத்தையும் பாருங்கள்: நள்ளிரவுக்குப் பிறகு எத்தனை, சம்பளம் வந்த இரண்டு நாளுக்குள் எத்தனை, கடன் செயலியிலிருந்து பணம் வந்த அன்றே எத்தனை. யுபிஐ-யின் தினசரி வரம்பைக் குறைப்பது, ஆட்டோபே அனுமதிகளை ரத்து செய்வது, சம்பளக் கணக்கை வீட்டில் ஒருவர் பார்க்கும்படி வைப்பது ஆகிய மூன்றையும் இன்றே செய்யலாம்.

பேச ஆள் வேண்டும் என்றால் டெலி மனஸ் 14416, தமிழிலும் பேசலாம். கேரளாவில் இருந்தால் திஷா 1056. இரண்டும் இலவசம், 24 மணி நேரமும் உண்டு. திருவனந்தபுரத்தில் நேரில் போக, பேரூர்க்கடை அரசு மனநல மையம் இருக்கிறது. பணத்தை ஏமாற்றிப் பறித்திருந்தால் 1930-க்கு உடனே சொல்லுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும்.