சங்கரதாச சுவாமிகளும் பாலர் நாடக சபையும்

நம் பாண்டுப் வாழ் தமிழன்பர்களிற் பலர்க்குத் திருநெல்வேலிச் சீமையே பூர்வீகம். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்பெறும் சங்கரதாச சுவாமிகளும் அச்சீமையினரே. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு பிறந்த அவர், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். சில காலம் உப்பளத்திற் கணக்கராயும் இருந்தார். பின்னர் மேடையேறி இராவணன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் அவையோரை நடுங்கச் செய்தார்.

அக்காலத்து நாடக மேடையின் நிலை யாது? இரவெல்லாம் பாட்டாகவே நடந்த கூத்து ஒருபுறம். நாம் வாழும் இதே நகரிலிருந்து தெற்கே சென்ற பார்சி நாடகக் குழுவினரின் வண்ணத் திரைகளும் இந்துஸ்தானி மெட்டுகளும் மறுபுறம். சுவாமிகள் இரண்டையும் வெறுத்தாரில்லை. பார்சி மெட்டிலும் தூய தமிழ்ப் பாட்டை அமைத்தார். பாட்டுக்கு நடுவே ஒழுங்கான வசனத்தையும் வைத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சதி அனுசூயா என அவர் இயற்றியவை நாற்பதுக்கும் மேற்பட்டவை.

ஆயினும் எழுதியதை எழுதியபடி பேசுவார் யார்? பெரிய நடிகர்கள் பாடம் கேட்பதில்லை. மேடையில் தம் மனம் போனவாறு பேசினர். ஒருவரையொருவர் மடக்குவதிலேயே பொழுதைப் போக்கினர். சுவாமிகள் சிறுவர்களை நாடியதன் காரணம் இதுவே. 1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. நாடகத்தின் பாடத்தைக் காப்பதே அதன் தலையாய நோக்கம் என்பது நம் கருத்து. தமிழறிவும் ஒழுக்கமும் அதனோடு சேர்ந்து வந்தன.

சபை ஒரு குருகுலம் போன்றது. உணவும் உறையுளும் அங்கேயே. ஆசிரியர் சொல்லச் சொல்லப் பாடம். பெண்வேடக் கலைஞர் கண்ணுசாமிப் பிள்ளையின் மக்கள் சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகியோர் இச்சபையிற் பயின்றனர். அப்பொழுது சண்முகத்துக்கு வயது ஆறு! அவருக்காகவே அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்த செய்தியை, 'எனது நாடக வாழ்க்கை' என்னும் தம் நூலில் அவர் வியந்து குறிப்பிடுகின்றார்.

இத்தகைய சபைகளை முற்றும் புகழவும் நமக்கு மனம் வரவில்லை. விளையாட வேண்டிய வயதில் பிள்ளைகள் இரவெல்லாம் கண்விழித்தனர், பள்ளிக்கூடம் அறியார். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் வேடமும் போயிற்று. வீட்டில் வறுமை, சபையிலோ வயிறாரச் சோறு. பெற்றோர் அனுப்பிவைத்ததன் காரணம் பெரும்பாலும் அதுவே.

நிற்க. பக்கவாதத்தால் பேச்சிழந்த பின்னும் சுவாமிகள் சபையை விட்டு நீங்கினாரில்லை. 1922ஆம் ஆண்டு புதுச்சேரியிற் காலமானார். 1925இல் சண்முகம் சகோதரர்கள் பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வளர்ந்தது அங்கேதான். ஔவையாராக நடித்துச் சண்முகம் 'ஔவை' என்ற அடைமொழியையே பெற்றார்.

மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்துக் கோயில் விழாக்களில் இன்றும் வள்ளி திருமணம் நடைபெறுகின்றது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகையின்றி அன்றிரவே மேடையேறுகின்றனர். சுவாமிகளின் பாடம் அனைவர்க்கும் மனப்பாடம். ஆனால் வள்ளிக்கும் நாரதர்க்கும் நடக்கும் தர்க்கத்தில் எழுதாத பேச்சே மிகுதி. அதைக் கேட்பதற்கென்றே மக்கள் விடியும்வரை அமர்ந்திருக்கின்றனர்.