சிறார் மூட்டழற்சியும் தாடை வளர்ச்சியும்

16 வயது நிறைவதற்குள் தொடங்கி, காரணம் தெரியாமல் குறைந்தது 6 வாரங்கள் நீடிப்பதே சிறார் மூட்டழற்சி. இதன் ஒரு வகையை லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில் 1897இல் விவரித்தார். முழங்கால் வீங்கினால் வீட்டார் கவனித்துவிடுவார்கள். காதுக்கு முன்னுள்ள தாடை மூட்டோ பல குழந்தைகளுக்கு வலியில்லாமலே கெடுகிறது. ஆபத்து அந்த மூட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. தொடை எலும்பில் வளர்ச்சித் தட்டு மூட்டுப் பரப்பிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும். கீழ்த்தாடை முனையில் வளரும் குருத்தெலும்பு, பரப்பை மூடிய மெல்லிய நார்ப்படலத்துக்கு அடியிலேயே கிடப்பதால் அழற்சி அதை எளிதில் தாக்குகிறது. ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டால் மோவாய் அந்தப் பக்கமே கோணும். இரு பக்கமும் என்றால் கீழ்த்தாடை சிறுத்துப் பின்வாங்கும், முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழலாம். பழைய நூல்கள் இதைப் 'பறவை முகம்' என்றன; குழந்தையின் காதில் விழத் தகாத பெயர்.

வாய் முழுதாகத் திறக்காததும், திறக்கையில் தாடை ஒருபக்கம் இழுப்பதும் தொடக்கத் தடயங்கள். அழற்சியை முன்கூட்டியே காட்டுவது சாயம் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ.தான், எக்ஸ்ரேயில் தெரியும்போது எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருக்கும். மெத்தோட்ரெக்சேட், அடலிமுமாப் போன்ற மருந்துகள் அழற்சியை அடக்குகின்றன. பற்களில் பொருத்தும் கருவி மிச்ச வளர்ச்சியை நெறிப்படுத்த உதவும். எஞ்சும் கோணலுக்கு அறுவை சிகிச்சை, பெரும்பாலும் வளர்ச்சி நின்ற பிறகே.