ஸீஸன் இல்லாத மாதம்

ஸாரடோகா ஸ்பிரிங்ஸ் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் மாதத்தில்தான் தொடங்குகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில், ஆல்பனிக்கு வடக்கே முப்பது மைல் போல் உள்ள சிறிய ஊர். ஆகஸ்டில் அங்கே குதிரைப் பந்தயம் நடக்கும். மரங்களுக்கு நடுவே பக்கச் சுவர்களில்லாத அரங்கில் பிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கும். பூங்காவில் குழாயைத் திறந்தால் உப்பும் இரும்பும் வாயுவும் கலந்த நீர் வரும். முதல் வாய்க்கு முகத்தைச் சுளிக்காமல் குடிப்பது சிரமம். ஊரைப் பார்க்கப் போகிறவனுக்குக் கொடுக்கப்படும் சித்திரம் இது. பொய்யான சித்திரமல்ல. ஆனால் அந்த ஊரின் சரித்திரத்தில் நான் முதலாவதாக வைக்க நினைக்கும் சம்பவம் 1841 மார்ச்சில் நடந்தது. ஸீஸன் இல்லாத மாதம் அது. ஸீஸன் இல்லாததாலேயே நடந்தது என்பது என் எண்ணம்.

முதலில் தண்ணீர். ஊருக்கு அடியில் பாறையில் நீண்ட பிளவு ஒன்று ஓடுகிறது. ஆழத்தில் சுண்ணாம்புப் பாறை, அதன் மேல் மூடிபோல் களிப்பாறை. கீழே அகப்பட்ட நீர், கரியமில வாயுவின் உந்துதலில் பிளவு வழியாக மேலே வருகிறது. மோஹாக் இந்தியர்கள் இதை அறிந்திருந்தார்கள். 1771ல் நோயுற்ற வில்லியம் ஜான்ஸன் என்ற பிரிட்டிஷ் அதிகாரியை அவர்களே தூக்கிக்கொண்டு வந்து ஊற்றருகே இறக்கினார்கள் என்று சொல்வார்கள். 1802ல் கிடியன் புட்னம் என்பவர் ஒரு விடுதி கட்டினார். 1830களின் தொடக்கத்தில் ரயில் வந்தது. அதன் பிறகு நோயாளிகளைவிட நோயில்லாதவர்களே அதிகம் வந்தார்கள். தண்ணீர் ஒரு சாக்காகிவிட்டது. பணக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவும் பெண்களுக்கு மாப்பிள்ளை தேடவும் மாலையில் நடனமாடவும் ஒரு இடம் தேவைப்பட்டது.

நடனத்திற்கு வாசித்தது யார் என்பது இந்தச் சித்திரத்தில் சாதாரணமாக வருவதில்லை. 1820களிலிருந்து பல கோடைகாலங்கள் அங்கே வாசித்தது பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஃபிராங்க் ஜான்ஸனின் குழு. ஜான்ஸன் கறுப்பர், அவருடைய வாத்தியக்காரர்களும் கறுப்பர்கள். தாமே இசை எழுதி அச்சிட்டவர். 1837ல் குழுவை இங்கிலாந்துக்கு அழைத்துப்போய் வாசித்துத் திரும்பியவர். தெற்கு மாநிலங்களின் தோட்ட முதலாளிகளும் ஸாரடோகாவுக்குக் கோடை கழிக்க வருவார்கள், கூடவே வேலைக்கு அடிமைகளையும் அழைத்துக்கொண்டு. நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை 1827லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆனால் வெளிமாநிலத்து எஜமானர்கள் தங்கள் அடிமைகளை ஒன்பது மாதம் வரை அங்கே வைத்துக்கொள்ளச் சட்டம் இடமளித்தது. விருந்தாளிக்கு ஊர் செய்த மரியாதை. அந்தச் சலுகை நீக்கப்பட்டது 1841ல்.

இந்த ஊருக்கு 1834ல் மனைவியோடு குடிவந்தவர் ஸாலமன் நார்த்தப். சுதந்திரமாகப் பிறந்த கறுப்பர். தந்தை மின்டஸ் மட்டும் ஒரு காலத்தில் நார்த்தப் என்ற வெள்ளைக் குடும்பத்தின் அடிமையாக இருந்தவர். பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. மனைவி ஆன் நல்ல சமையற்காரி. ஸாலமன் வண்டி ஓட்டினார். ரயில் பாதை போடும் வேலையில் உழைத்தார். ஸீஸனில் யுனைட்டட் ஸ்டேட்ஸ் ஹோட்டலில் வேலை. குளிர்காலத்தில் அவருக்குச் சோறு போட்டது பிடில்தான். இதை அவரே எழுதியிருக்கிறார். கூடவே இன்னொன்றும் சொல்கிறார். ஸாரடோகாவின் வாழ்க்கை உழைப்பிலும் சிக்கனத்திலும் பழகியவர்களுக்கு ஏற்றதாக இல்லை என்கிறார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல, வருத்தத்தோடு. எஜமானர்களுடன் வந்த அடிமைகள் அவரிடம் இரகசியமாகப் பேசுவார்களாம். நன்றாக உடுத்தியவர்கள், வெளிப்பார்வைக்குக் குறை ஏதும் இல்லாதவர்கள்; பேச்செல்லாம் விடுதலையைப் பற்றி. இந்த உரையாடல்கள் அதே விடுதியின் முற்றங்களில், நடன மண்டபத்திலிருந்து சில அடி தள்ளி நடந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1841 மார்ச் கடைசியில் ஒரு நாள். ஆன், இருபது மைல் தொலைவில் ஸாண்டி ஹில் என்ற ஊரில், நீதிமன்றம் கூடியிருந்ததால் சமையல் வேலைக்குப் போயிருந்தார். மூத்த பெண் அவருடன். மற்ற இரண்டு குழந்தைகளும் ஸாரடோகாவிலேயே சித்தி வீட்டில். ஸாலமனுக்கு வேலை இல்லை. ஸீஸன் வரும்வரை ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தபடி, பிராட்வேயும் காங்கிரஸ் தெருவும் சேரும் மூலையில் இரண்டு கனவான்களைச் சந்திக்கிறார். ஸர்க்கஸ் ஒன்றைச் சேர்ந்தவர்கள், வாத்தியக்காரன் தேவை என்கிறார்கள். நாளுக்கு ஒரு டாலர், வாசிக்கும் ஒவ்வொரு இரவுக்கும் மூன்று டாலர். சீக்கிரமே திரும்பிவிடலாம் என்று நினைத்ததால் மனைவிக்கு ஒரு வரி எழுதி வைக்காமல் கிளம்பிவிட்டார்.

ஜூலையாக இருந்திருந்தால் விடுதி வேலையை விட்டுவிட்டு அவர் போயிருப்பாரா? கடத்தல்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் பாதி வேலையை ஊரின் பொருளாதாரமே அவர்களுக்காகச் செய்து வைத்திருந்தது. வருஷத்தில் சில வாரங்கள் கை நிறைய வேலை கொடுத்து, மிச்ச மாதங்களுக்குக் கைவிட்டுவிடும் ஊர்கள் உலகெங்கும் உண்டு. அந்த மிச்ச மாதங்களில் என்ன நடக்கிறது என்று சுற்றுலாப் புத்தகங்கள் எழுதுவதில்லை.

வாஷிங்டனில், ஜனாதிபதி ஹாரிஸன் இறந்து ஊரே துக்கம் கொண்டாடிய ஏப்ரல் நாட்களில், மயக்க மருந்து கொடுத்து அவரை விற்றுவிட்டார்கள். கண் விழித்தபோது சங்கிலி. நான் சுதந்திரமானவன் என்று சொன்னதற்கு அடி. கப்பலில் நியூ ஆர்லியன்ஸ். அங்கே பிளாட் என்ற புதுப் பெயர். பிறகு லூயிஸியானாவின் பருத்தி, கரும்புத் தோட்டங்கள். எட்வின் எப்ஸ் என்ற எஜமானிடம் பத்து வருஷம். எப்ஸ் அவருக்கு ஒரு பிடில் வாங்கிக் கொடுத்தான். சில இரவுகளில், பகல் முழுதும் பருத்தி எடுத்து ஓய்ந்தவர்களைக் கூட்டி ஆடச் சொல்வான். சாட்டை கையில் இருக்கும். ஸாலமன் வாசிக்க வேண்டும். ஸாரடோகாவில் வாசித்த அதே நடன மெட்டுகளில் சிலதை இங்கும் வாசித்திருக்கலாம். அந்தப் பிடில் இல்லையென்றால் அடிமைத்தனத்தின் வருஷங்களை எப்படிக் கடந்திருப்பேனோ என்றும் எழுதியிருக்கிறார். கலை மனிதனை மேன்மைப்படுத்துகிறது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

மீட்டது ஒரு கடிதம். 1852ல், ஸாமுவேல் பாஸ் என்ற கனடாக்காரத் தச்சர் அபாயம் தெரிந்தே எழுதிப் போட்டார். யாருக்கு? ஸாரடோகாவில் ஸாலமன் சாமான் வாங்கிக்கொண்டிருந்த கடைக்காரர்கள் வில்லியம் பெரி, ஸீஃபஸ் பார்க்கர் இருவருக்கும்.  கடைக்காரனுக்குத்தான் ஒரு ஆள் வருஷம் பன்னிரண்டு மாதமும் இருப்பவன். கடிதம் ஆன் கைக்கு வந்தது. அவர் வக்கீல் ஹென்றி நார்த்தப்பிடம் போனார். தந்தையை அடிமையாக வைத்திருந்த அதே குடும்பத்துக்காரர். கடத்தப்பட்ட குடிமக்களை மீட்க 1840லேயே மாநிலம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அதன்படி கவர்னரின் ஆணையோடு வக்கீல் லூயிஸியானாவுக்குப் போய், 1853 ஜனவரியில் அழைத்து வந்தார். அந்த வருஷமே ‘அடிமையாகப் பன்னிரண்டு ஆண்டுகள்’ வெளிவந்து ஏராளமாக விற்றது, பிறகு மறக்கப்பட்டது. 1968ல் ஸ்யூ ஈக்கினும் ஜோஸஃப் லாக்ஸ்டனும் ஆராய்ந்து பதிப்பித்த பிறகுதான் அது ஒரு முழுச் சரித்திர ஆவணமாக நிலைபெற்றது. 2013ல் வந்த படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள்.

இனி குதிரைகள். ஜான் மாரிஸே, அயர்லாந்தில் பிறந்த குத்துச்சண்டைக்காரன், சூதாட்ட விடுதி நடத்தியவன், பிற்பாடு காங்கிரஸ் உறுப்பினன், 1863 ஆகஸ்ட் 3ந் தேதி இங்கே நான்கு நாள் பந்தயத்தைத் தொடங்கினான். கெட்டிஸ்பர்க் போர் முடிந்து சரியாக ஒரு மாதம். ராணுவத்துக்கு ஆள் பிடிப்பதை எதிர்த்து நியூயார்க் நகரில் கலகம் மூண்டு, கறுப்பர்கள் தெருவில் கொல்லப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. கூட்டம் வந்தது. அவனுடைய சூதாட்ட மாளிகை பிறகு 1870ல் எழுந்தது. காங்கிரஸ் பூங்காவில் இன்றும் நிற்கிறது. உள்ளூர்க்காரர்கள் அங்கே சூதாடக் கூடாது என்பது அவன் விதி. விருந்தாளியின் பணம் போகலாம். பரிமாறுகிறவனின் பணம் போனால் ஊரில் சச்சரவு வரும்.

அந்தக் காலத்துச் சிறந்த ஜாக்கிகளில் பலர் கறுப்பர்கள். ஏப் ஹாக்கின்ஸ், லூயிஸியானாவில் டங்கன் கென்னர் என்ற கரும்புத் தோட்டக்காரரின் அடிமையாகக் குதிரை ஏறியவர், 1866ல் ஸாரடோகாவின் டிராவர்ஸ் பந்தயத்தை ஜெயித்தார். குதிரையின் பெயர் மெரில். ஸாலமனைக் கடத்திய இருவரில் ஒருவனின் பெயரும் மெரில்தான். தற்செயல், சரித்திரத்துக்குச் சில சமயம் இப்படி மட்டமான நகைச்சுவை உண்டு. 1879ல் அதே பந்தயத்தை ஐஸக் மர்ஃபி வென்றார். நூற்றாண்டு திரும்பியதும், வெள்ளை ஜாக்கிகள் ஓட்டத்திலேயே அவர்களை நெருக்கி வேலியோடு இடித்தார்கள். உரிமையாளர்கள் குதிரை தர மறுத்தார்கள். லைஸென்ஸ் கிடைப்பது கடினமாயிற்று. மகா குதிரையான மேன் ஓ’ வார், ஓடிய 21 பந்தயங்களில் தோற்ற ஒரே பந்தயம் 1919 ஆகஸ்டில் இந்த மைதானத்தில்தான். அந்தத் தோல்வியை இன்றும் பேசுகிறார்கள். அதற்குள் கறுப்பு ஜாக்கிகள் பெரிய பந்தயங்களிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டதைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. ஹாக்கின்ஸின் பெயர் ஊரிலுள்ள பந்தய மியூஸியத்தின் கௌரவப் பட்டியலில் ஏறியது 2024ல்.

விருந்தாளி என்றால் யார் என்பதும் தீர்ந்த விஷயமாக இல்லை. 1877 கோடையில் ஜோஸஃப் ஸெலிக்மன் என்ற வங்கியாளர் குடும்பத்தோடு கிராண்ட் யூனியன் ஹோட்டலுக்கு வந்தபோது, யூதர்களுக்கு இடமில்லை என்றார்கள். உள்நாட்டுப் போரில் வட மாநில அரசின் கடன் பத்திரங்களை ஐரோப்பாவில் விற்றுக் கொடுத்த குடும்பம். பத்திரிகைகளில் பெரிய ரகளை. விளைவு, வேறு பல விடுதிகளும் வெட்கமில்லாமல் அதையே செய்யத் துணிந்தன. ஊருக்கு வெளியே பந்தய மைதானத்தை ஒட்டி, எழுத்தாளர்களும் இசையமைப்பாளர்களும் தங்கி வேலை செய்ய யாடோ என்ற மாளிகை இருக்கிறது. 1926 முதல் அழைக்கிறார்கள். அங்கே லாங்ஸ்டன் ஹ்யூஸ் போய்த் தங்கியது 1942ல்.

தண்ணீரையே ஒருமுறை விற்றுத் தீர்க்கப் பார்த்தார்கள். ஸோடா கடைகளுக்கு வாயு வேண்டும் என்று கம்பெனிகள் ஆழமாகத் துளைபோட்டுப் பம்பு வைத்து இழுத்தன. வாயுவைப் பிரித்துக்கொண்டு நீரைச் சாக்கடையில் விட்டன. பழைய ஊற்றுகள் ஒவ்வொன்றாக நின்றன. 1908ல் மாநிலம் தடைச்சட்டம் கொண்டுவந்தது. கம்பெனி தரப்பு உச்சநீதிமன்றம் வரை போய் 1911ல் தோற்றது. பிறகு மாநிலமே நிலத்தை வாங்கிக் கிணறுகளை மூடியது. ஊற்றுகள் திரும்பின. அப்படி மீட்ட நிலத்தில்தான் 1966ல் அந்தத் திறந்த அரங்கு எழுந்தது. ஊருக்குள் 1960 முதல் இருக்கும் காஃபே லீனா என்ற மாடி அறையில், அதிகம் பேர் அறியாத பாப் டிலன் 1961ல் பாடினார். இரண்டில் எது பெரிய இசை என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. ஸாலமன் போன்றவர்கள் குளிர்காலத்தில் வாசித்த அறைகளுக்கு அந்த மாடி அறைதான் கொஞ்சம் நெருக்கம்.

கடத்தியவர்கள் அகப்பட்டார்களா? புத்தகத்தைப் படித்த தாடியஸ் ஸெயின்ட் ஜான் என்பவருக்கு ஞாபகம் வந்தது. 1841ல் தெரிந்தவர்கள் இருவரை ஒரு கறுப்பரோடு பயணத்தில் பார்த்திருந்தார். சில நாள் கழித்து அவர்களையே தனியாக, புது உடையும் தங்கக் கடிகாரமுமாகப் பார்த்தார். 1854ல் அலெக்ஸாண்டர் மெரிலும் ஜோஸஃப் ரஸ்ஸலும் கைதானார்கள். அடிமை வியாபாரி மேல் வாஷிங்டனில் நடந்த வழக்கில் ஸாலமனைச் சாட்சி சொல்ல அனுமதிக்கவில்லை, கறுப்பர் என்பதால். இங்கே சொல்ல முடிந்தது. ஆனாலும் ஸாரடோகாவுக்கு ஏழு மைல் தள்ளி, இன்னொரு ஊற்று ஊரான பால்ஸ்டன் ஸ்பாவின் நீதிமன்றத்தில் வழக்கு இழுத்துக்கொண்டே போய் 1857ல் கைவிடப்பட்டது. யாரும் தண்டனை பெறவில்லை. ஸாலமன் எங்கே எப்போது இறந்தார் என்பதற்குப் பதிவு கிடையாது. ஊரில் ஒரு நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். 1999ல் அவர் பெயரில் ஒரு தினமும் கொண்டாடத் தொடங்கினார்கள். மார்ச்சில் அல்ல, ஜூலையில்.