லைனை விட்டு விலகும் உரிமை: பெருந்தொற்றும் முதலாளியின் கடமையும்

2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, ஒரகடம் ரெனோ-நிசான் ஆலையின் தொழிற்சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. மாநிலம் முழுக்க ஊரடங்கு. கார் ஆலைகளுக்கு விலக்கு இருந்தது. லைனில் இடைவெளி காக்கப்படவில்லை என்றது சங்கம். நிர்வாகம் அதை மறுத்து, நிலுவையிலிருந்த ஏற்றுமதி ஆர்டர்களைச் சுட்டிக்காட்டியது. 26ஆம் தேதி முதல் வேலைக்கு வரமாட்டோம் எனத் தொழிலாளர்கள் அறிவித்த பிறகு, ஆலை சில நாள் மூடப்பட்டது. நேரில் போய்ப் பார்க்கும்படி தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது.

சட்ட ஆய்வுகள் போதிய கவனம் தராத ஒன்று இந்த வழக்கில் இருக்கிறது. முகக்கவசம், கிருமிநாசினி, வாசலில் காய்ச்சல் பரிசோதனை ஆகியவை சச்சரவின் மையம் அல்ல. ஓடும் லைனில் கார்களுக்கு நடுவே ஸ்லாட்டுகளைக் காலியாக விட வேண்டும் என்பதே கோரிக்கை. கார்க்கூடு நகர்ந்துகொண்டே வரும். ஒருவர் உள்ளே குனிந்து ஒயரை மாட்டும்போது இன்னொருவர் எதிர்க் கதவருகே நிற்பார். குறித்த விநாடிகளுக்குள் வேலை முடியாவிட்டால் வண்டியோடு சேர்ந்து அடுத்தவரின் இடத்துக்கு நடந்தாக வேண்டும். தரையில் வரைந்த வட்டங்களுக்கு அங்கே பொருளில்லை. இரண்டு பேருக்கு நடுவிலுள்ள தூரத்தை லைனின் வேகம்தான் தீர்மானிக்கிறது. அந்த வேகத்தை நிர்வாகம் தீர்மானிக்கிறது. எனவே பெருந்தொற்றுக் காலத்தில் முதலாளியின் பாதுகாப்புக் கடமை உற்பத்தி வேகத்தையும் உள்ளடக்கியது என்பதே என் வாதம்.

அன்று நடைமுறையிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. போபால் பேரழிவுக்குப் பின் 1987இல் சேர்க்கப்பட்ட 7அ பிரிவு, நடைமுறையில் நியாயமாக இயன்ற அளவுக்குத் தொழிலாளரின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் உறுதிசெய்யும் பொறுப்பை ஆலையை நடத்துபவர்மீது சுமத்தியது. ‘இயன்ற அளவு’ என்பதை நிர்வாகத்தின் வசதி என்று படிப்பது பிழை. இதே சொற்றொடரை 1949இல் எட்வர்ட்ஸ் வழக்கில் விளக்கிய இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆபத்தோடு ஒப்பிடுகையில் செலவு மிக அதிகமாக இருந்தால் மட்டுமே முதலாளி தப்ப முடியும் என்றது. காலி ஸ்லாட்டின் விலை, ஒரு ஷிப்டில் குறையும் சில கார்கள். தட்டின் மறுபக்கத்தில் இருப்பது உயிர்.

பெருந்தொற்றின் பொருளாதாரச் சுமையைத் தொழிலாளர்மேல் இறக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பன்னிரண்டு மணி நேர வேலையை அனுமதித்து, கூடுதல் நேரத்துக்கான இரட்டைச் சம்பளத்தை மறுத்த குஜராத் அறிவிக்கைகளை 2020 அக்டோபர் 1 அன்று அது ரத்து செய்தது.

கடமை தெளிவாக இருந்தும் பயன்படாமல் போனது ஏன்? அதை அந்த நிமிடத்தில் கேட்டுப் பெறும் வழி தொழிலாளியிடம் இல்லை. பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமும் இந்தக் குறையைத் தீர்க்கவில்லை. அதன் 14ஆம் பிரிவின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக அஞ்சும் தொழிலாளி முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம். முதலாளி அதை ஏற்காவிட்டால் ஆய்வாளரின் முடிவே இறுதி. அந்த முடிவு வரும்வரை தொழிலாளி எங்கே நிற்பது? சட்டம் வாய் திறக்கவில்லை. நடைமுறையில் லைனில்தான் நிற்கிறார். தொற்றுக்கோ ஒரு ஷிப்டே அதிகம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை இதில் வேறு நிலை எடுக்கிறது: உயிருக்கோ உடல்நலத்துக்கோ கடும் ஆபத்து உடனடியாக நேரும் என நியாயமாக நம்பி விலகுபவரைத் தண்டனையிலிருந்து அதன் 13ஆம் பிரிவு காக்கிறது. 2022இல் அது அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாக்கப்பட்டது.

இந்த உரிமையைக் கொடுத்தால் ஆளாளுக்கு வேலையைப் போட்டுவிட்டுப் போவார்கள் என்பது வழக்கமான ஆட்சேபம். ‘நியாயமான நம்பிக்கை’ என்ற நிபந்தனையே அதற்குக் கடிவாளம். மேலும், ஒரகடத்தில் ஆலை மூடப்பட்டது சங்கம் வேலைநிறுத்தத்தை அறிவித்த பிறகே. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அப்ரண்டிஸுக்கும் அந்தப் பலம் கிடையாது. தனிமனிதருக்குச் சட்டம் தராத உரிமை, சங்கம் உள்ளவர்களின் சலுகையாகச் சுருங்கிவிடுகிறது. இது எனக்குப் பெரும் அநீதியாகப் படுகிறது. தொற்று பஸ்ஸிலும் கேண்டீனிலும் எல்லோரையும் ஒன்றாகவே தொட்டது.

ஆகவே 14ஆம் பிரிவைத் திருத்த வேண்டும். ஆய்வாளரின் முடிவு வரும்வரை சம்பந்தப்பட்ட இடத்தில் வேலை செய்யும்படி தொழிலாளியைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அந்த நேரத்துக்கான சம்பளத்தையும் பிடிக்கக் கூடாது. கான்ட்ராக்ட் தொழிலாளருக்கு இந்தச் சம்பளத்தைத் தரும் பொறுப்பு முதன்மை முதலாளியுடையது என்பதும் அதே பிரிவில் எழுதப்பட வேண்டும்.